கருத்தரங்கச் சுவரொட்டி: தயாரிப்பு முதல் அச்சு வரை

செயல் ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்கள் இன்று நம்மிடையே பெருகி வருகிறார்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் கல்லூரிகளும் நடத்தும் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பதோடு சுவரொட்டி வழங்கலுக்கும் இடமுண்டு. வாசிப்பவருக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். சுவரொட்டி வைப்பவருக்கோ, எதிரே வந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் பேச வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் அவர் நிற்க வேண்டுமே! எழுத்து பொடியாக இருந்தாலோ படம் மங்கியிருந்தாலோ பார்வையாளர் நகர்ந்துவிடுவார். ஓராண்டு முழுவதும் வகுப்பறையில் நாம் செய்த வேலையும் அவரோடு கடந்துபோய்விடும்.

முதலில் ஒரு வாக்கியம்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் நம் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதுவதை நாம் அறிவோம். 2இலிருந்து 7 போகாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். இதைப் பற்றிய ஆய்வு என்றால், 'நான்காம் வகுப்பு மாணவர்களின் கணிதத் திறன் மேம்பாடு: ஓர் ஆய்வு' என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. 'குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டியதும் தலைகீழாகக் கழிக்கும் பிழை குறைந்தது' என்பது செய்தி. அதைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

2019ஆம் ஆண்டில் மைக் மாரிசன் என்னும் அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் இதையே வலியுறுத்திப் புதிய வடிவமைப்பு ஒன்றை முன்வைத்தார். நடுவில் முடிவு மட்டும் பெரிய எழுத்தில், இரு ஓரங்களிலும் விவரங்கள், கூடுதலாக அறிய ஒரு கியூஆர் குறியீடு. நம் பாடநூல்களில் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்திப் பழகிய நமக்கு இது எளிது.

மற்றவற்றைச் சிக்கல், செய்தது, கண்டது, பரிந்துரை என நான்கு பகுதிகளில் அடக்கலாம். மொத்தம் நானூறு சொற்களைத் தாண்டாமல் இருப்பது நல்லது. குழந்தையின் நோட்டுப் பக்கம் ஒன்றின் படம், அதைப் பற்றிய ஒரு பத்தியைவிடத் தெளிவாகப் பேசும். குழந்தையின் பெயர் அதில் தெரியக் கூடாது. முகம் தெரியும் ஒளிப்படம் என்றால் பெற்றோரின் இசைவு வேண்டும்.

அளவு

பொதுவாகக் கேட்கப்படும் அளவு ஏ0. அதன் அகலம் 84.1 செ.மீ., உயரம் 118.9 செ.மீ.; பரப்பு ஒரு சதுர மீட்டர். நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஏ4 தாள்கள் பதினாறைச் சேர்த்து வைத்தால் ஒரு ஏ0. சில இடங்களில் அதில் பாதியான ஏ1 கேட்பார்கள். நெட்டாகவா, கிடையாகவா என்பதையும் அழைப்பிதழில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பவர்பாயிண்டில் புதிய ஸ்லைடு ஒன்றைத் திறந்ததும், அதன் அளவை முதலிலேயே 84.1, 118.9 என்று மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு அளவை மாற்றினால் அனைத்தும் இடம் பெயரும்.

எழுத்து

தலைப்புக்கு 90 புள்ளிக்குக் குறையாமலும், உட்தலைப்புக்கு 48 அளவிலும், உள்ளடக்கத்துக்கு 28 முதல் 36 வரையும் வைக்கலாம். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரி இடைவெளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். மிகத் தடித்த எழுத்துருவில் ண, ழ போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும்.

எழுத்துரு ஒருங்குறியில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

படம்

கைப்பேசித் திரையில் பளிச்சென்று தெரியும் படம் ஏ0 அளவில் கட்டம் கட்டமாக உடைந்துவிடலாம். கணக்கு எளிது. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 150 படப்புள்ளிகள் இருந்தால் படம் தெளிவாக இருக்கும். ஆகவே 1,200 படப்புள்ளி அகலம் கொண்ட படத்தை 8 அங்குல அகலம் வரை வைக்கலாம். அதற்கு மேல் இழுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது.

சிவப்பு, பச்சை நிறங்களை மட்டும் வைத்து வரைபடத்தில் வேறுபாடு காட்ட வேண்டாம். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தே என்றும் பாதுகாப்பானது.

அச்சுக்கு முன் ஒரு சோதனை

முழுச் சுவரொட்டியையும் ஒரு ஏ4 தாளில் அடங்குமாறு அச்சிடுங்கள். நீளமும் அகலமும் நான்கில் ஒரு பங்காகும். அதை ஒன்றேகால் அடி தூரத்தில் பிடித்துப் படித்தால், ஏ0 சுவரொட்டியை ஐந்தடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் எழுத்தளவு சரி. உடன் பணிபுரியும் ஒருவரிடம் அரை நிமிடம் காட்டிவிட்டு, என்ன புரிந்தது என்று கேளுங்கள். நம் ஒரு வாக்கியத்தை அவர் சொன்னால் அச்சுக்குப் போகலாம். எழுத்துப் பிழைகளையும் இந்தத் தாளிலேயே திருத்திவிட்டால் மறு அச்சுச் செலவு இல்லை.

கடையில்

கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றியே கடைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அப்போதுதான் எழுத்துருவும் உடன் செல்லும். சில கடைகளில் அதை வேறு மென்பொருளில் திறப்பார்கள். அப்போது கொம்பும் காலும் இடம் மாறக்கூடும். அதனால் 150 புள்ளி அடர்த்தியில் எடுத்த படக்கோப்பு ஒன்றையும் பென்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. அச்சுக்கு அனுப்பும் முன் கடைக்காரரின் திரையில் ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள்.

ஏ0 ஏறத்தாழ 10¾ சதுர அடி. கட்டணம் சதுர அடிக் கணக்கில் என்பதால், மூன்றுக்கு நான்கு என 12 சதுர அடிக்குக் கணக்கிடலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். பிளக்ஸ் விலை குறைவு. ஆனால் தூரத்தில் பார்க்கும் பலகைகளுக்கு ஏற்ற அச்சு என்பதால் சிறிய எழுத்து சற்று மங்கும். மக்காத பொருள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தடித்த தாளில் எழுத்து கூர்மையாக வரும். துணியில் அச்சிட்டால் மடித்துப் பையில் வைக்கலாம். தாளை மடித்தால் கோடு விழும். சுருட்டிக் குழாயில் வைத்துக்கொண்டால் பேருந்துப் பயணத்தில் கசங்காது. குத்தூசியும் இருபக்க ஒட்டுநாடாவும் கையில் இருக்கட்டும்.

கருத்தரங்கு முடிந்ததும் சுவரொட்டி பீரோவின் மேல் ஏறிவிடக் கூடாது. பள்ளித் தாழ்வாரத்தில் மாட்டினால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோர் படிப்பார்கள். குழந்தைகளும் நின்று படிப்பார்கள். ஆய்வு அவர்களைப் பற்றியதுதானே? அவர்களுக்கும் புரியும் மொழியில் எழுதப்பட்ட சுவரொட்டி எந்த அரங்கிலும் எல்லோருக்கும் புரியும்.