மாற்றுத்திறன் மாணவரும் விளையாட்டுப் பாடவேளையும்

தகவமைத்த உடற்கல்வி என்பது, உடல், புலன் அல்லது அறிவுசார் குறைபாடுள்ள மாணவரும் தம் வகுப்பினரோடு சேர்ந்து உடற்கல்வி கற்கும்படி ஆட்டத்தின் விதி, களம், கருவி ஆகியவற்றை மாற்றிக் கற்பிக்கும் முறை. இயன்முறை மருத்துவம் வேறு, இது வேறு. இயன்முறை மருத்துவர் இறுகிய மூட்டை நீட்டவும் தளர்ந்த தசையை வலுப்படுத்தவும் பயிற்சி தருகிறார். உடற்கல்வி ஆசிரியர் ஓடவும் எறியவும் பிடிக்கவும் குழுவாக ஆடவும், தோற்றால் மறுபடி களத்தில் இறங்கவும் கற்பிக்கிறார். வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி பெறும் குழந்தைக்குப் பள்ளியில் விளையாட்டு வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் இரண்டையும் ஒன்றெனக் கொள்கிறார்கள்.

இந்தப் பாடம் மறுக்கப்படும்போது அது மறுப்பாகவே தெரிவதில்லை. பி.இ.டி. பீரியடில் மற்றவர்கள் மைதானத்துக்குப் போனதும் சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவி வகுப்பறையில் புத்தகப் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். அல்லது மரத்தடியில் உட்கார்ந்து புள்ளி எழுதுகிறாள். ‘பாவம், வெயிலில் எதற்கு’ என்ற பரிவே பெரும்பாலும் இதற்குக் காரணம். மகன் விழுந்துவிடுவானோ என்று பயந்து பெற்றோரே விலக்குக் கடிதம் கொடுப்பதும் உண்டு. ஒருநாள் புள்ளி எழுதுவதில் தவறில்லை. ஆண்டு முழுவதும் அதுவே வேலை என்றால், கணக்கு வகுப்பில் ஒரு பிள்ளையை வெளியே உட்கார வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளும் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குமளவு உடலியக்கம் பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. உட்கார்ந்தே இருக்கும் உடலில் எடை கூடும், எலும்பு நலியும், மூட்டு இறுகும். ஏற்கெனவே உள்ள குறைபாட்டோடு இவையும் சேர்ந்துகொள்ளும்.

இந்தியா 2007-இல் ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-வது உறுப்பு, பள்ளியில் நடக்கும் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இக்குழந்தைகளுக்குச் சமவாய்ப்புத் தரச் சொல்கிறது. அதைச் செயல்படுத்த வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 16-வது பிரிவில் கல்வியையும் விளையாட்டையும் ஒரே வரியில் வைக்கிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்கை தரவும், கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றவர்களுக்கு நிகராகத் தரவும், வளாகத்தை எல்லோரும் புழங்கும்படி அமைக்கவும், தனிநபர் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்யவும் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் முயல வேண்டும் என்கிறது. அங்கீகாரம் என்ற சொல்லால் தனியார் பள்ளிகளும் இதற்குள் வந்துவிடுகின்றன. விளையாட்டுத் திட்டங்களையும் களங்களையும் மாற்றியமைப்பது பற்றி 30-வது பிரிவு தனியே பேசுகிறது. பெற்றோர் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு இட ஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கு உரியது. பாகுபாடின்றி விளையாடும் உரிமைக்கு அந்த வரம்பைச் சட்டம் வைக்கவில்லை.

சட்டம் கேட்கும் மாற்றம், பள்ளிக்குத் தாங்க முடியாத சுமையாக இல்லாத மாற்றம். நடைமுறையில் அதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. அனுபவமுள்ள உடற்கல்வி ஆசிரியர்கள் களத்தின் அளவு, செய்ய வேண்டிய செயல், கருவி, உடன் ஆடும் ஆள் ஆகிய நான்கில் ஒன்றை மாற்றிப் பார்ப்பார்கள். வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் அது 10-க்கு 6. ஆண்களுக்கான வலை 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரத்துக்கு இறங்குகிறது. மொத்த வகுப்பும் தரையில் உட்கார்ந்து ஆடினால், கால் இயங்காத மாணவர் கையால் நகர்வதில் மற்றவர்களை முந்தவும் கூடும். சக்கர நாற்காலி டென்னிசில் பந்து இரண்டு முறை தரையில் துள்ளலாம். ஆனால் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் வளையம் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. எதைக் குறைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று அறிவதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டால் ஆடுபவருக்கு அலுத்துவிடும்.

பார்வையற்றோருக்கு ஒலியெழுப்பும் பந்து உண்டு. கிடைக்காத இடத்தில் சாதாரணப் பந்தைப் பாலித்தீன் பையில் கட்டினால் சலசலக்கும் ஒலி போதும். ஓட்டத்துக்கு, இருவர் கையிலும் பிடித்த சிறு கயிற்றோடு துணை ஓட்டக்காரர் ஒருவர் வேண்டும். காது கேளாதவருக்கு விசில் பயன்படாது. கொடி அசைக்க வேண்டும். ஆசிரியர் சூரியனைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பேசினால் முகம் இருண்டு உதட்டசைவு தெரியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு அதே விசில் தாங்க முடியாத ஓசை. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரிசையில் காட்டிவிட்டால் பதற்றம் குறைகிறது. மூளை முடக்குவாதத்தால் கை கட்டுப்படாத மாணவர், சாய்தளத்தில் பந்தை உருட்டிவிட்டு ‘போச்சியா’ ஆடலாம். நம் பள்ளிகளில் பழகிய வளையப்பந்தை, பிடிக்கும் முன் ஒருமுறை தரையில் விழலாம் என்ற விதியோடு ஆடலாம்.

மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் தங்கம் வென்றதும், துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாசும் 2024-இல் பாரிசில் பாட்மின்டன் மேடை ஏறியதும் பாரா விளையாட்டைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. அதன் ஒரு பக்கவிளைவாக, பதக்கம் வாங்கக்கூடிய பிள்ளையை மட்டும் தேடும் கண்ணும் வளர்ந்திருக்கிறது. உடற்கல்வி வகுப்போ, ஒருநாளும் பதக்கம் வாங்கப்போகாத முப்பது பேருக்கும் உரியது.

ஆபத்துகள் உண்டு, அவற்றை மறைப்பதில் நன்மையில்லை. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணமும் தலைகீழ் பாய்ச்சலும் கூடாது. கழுத்து வலி, நடையில் திடீர் மாற்றம், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். முதுகுத்தண்டு காயம் உள்ளவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குறையும் என்பதால் உடல் சூடேறுவது வெளியே தெரியாது. உணர்ச்சியற்ற கால் சித்திரை வெயிலில் கொதிக்கும் சிமென்ட் தரையில் பட்டு வெந்தாலும் அவருக்கு வலிக்காது. ஹீமோபிலியா உள்ளவருக்கு மோதும் ஆட்டங்கள் ஆகாது, நீச்சல் ஆகும். தசைச்சிதைவு நோயில் ‘இன்னும் பத்து எடு’ என்று ஊக்குவிப்பதே கேடு. கிட்டப்பார்வை மிகக் கடுமையாக உள்ளவருக்குத் தலையில் படும் அடி விழித்திரையைப் பிரிக்கக்கூடும். வலிப்பு உள்ளவர் நீரில் இறங்கினால் அவரை மட்டுமே கவனிக்க ஒருவர் வேண்டும். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதில் பயனில்லை. வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். 5 நிமிடம் கடந்தால் 108.

இவை ஒவ்வொன்றும் ‘எது கூடாது’ என்று சொல்லும் அளவுக்கே ‘எது ஆகும்’ என்றும் சொல்கின்றன. ஆகவே மருத்துவச் சான்றில் ‘உடற்பயிற்சி கூடாது’ என்ற ஒற்றை வரியைப் பெற்றோர் ஏற்கக் கூடாது. தவிர்க்க வேண்டிய செயல்கள், செய்யலாகும் செயல்கள், நிறுத்த வேண்டிய அறிகுறிகள் என எழுதித்தரக் கேட்க வேண்டும். அந்தத் தாள் உடற்கல்வி ஆசிரியர், சிறப்புப் பயிற்றுநர், பெற்றோர் மூவர் கையிலும் இருந்தால் ஆசிரியரின் பயமும் குறையும். என்ன ஆட விருப்பம் என்று மாணவரைக் கேட்பதை மட்டும் பெரியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

உரிமை மறுக்கப்பட்டால் முதலில் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, என்ன மாற்றம் கேட்கப்படுகிறது என்பது அதில் இருக்கட்டும். பதில் இல்லையெனில் மாவட்டக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளி என்றால் முறையீடு டெல்லியிலுள்ள தலைமை ஆணையருக்குப் போக வேண்டும். சாட்சியை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் செய்வது பரிந்துரைதான் என்றாலும், அதன்மீது எடுத்த நடவடிக்கையையோ ஏற்காததற்கான காரணத்தையோ 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. பிறர் பார்க்க ஒரு மாணவரை அவமானப்படுத்தும் நோக்கோடு இழிவுபடுத்துவது 92-வது பிரிவின்கீழ் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். மைதானத்தில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டு மற்றவர்களைச் சிரிக்க வைக்கும் ஆசிரியரும் இதற்கு விலக்கில்லை.