நீரிழிவும் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளும்

நீரிழிவு சிறுநீரக நோய் என்பது, இரத்தத்தில் நீண்ட காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழாய்களைப் படிப்படியாகச் சிதைப்பதால் உண்டாகும் நோயாகும். உலகெங்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணம் இதுவே. நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்நோய் ஏற்படுகிறது. வலியின்றி வளர்வதால், பலர் முற்றிய நிலையிலேயே இதை அறிகின்றனர்.

வேலூருக்கும் சிறுநீரக மருத்துவத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971-ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடைபெற்றது. அத்தகைய பெரிய சிகிச்சை தேவைப்படும் நிலைக்குப் பல ஆண்டுகள் முன்பே, எளிய சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றால் இந்நோயைக் கண்டறிய முடியும்.

கிளாமருலஸின் அமைப்பு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் பௌமானின் கிண்ணத்துக்குள் ஒரு தந்துகி முடிச்சு அமைந்துள்ளது. இதுவே கிளாமருலஸ். இதற்குள் இரத்தம் உட்செல் நுண்தமனி வழியாக வந்து, வெளிச்செல் நுண்தமனி வழியாக வெளியேறுகிறது. இரு புறமும் தமனிகளே இருப்பதால், உடலின் மற்ற தந்துகிகளைவிட இங்கு அழுத்தம் அதிகம்.

வடிகட்டி மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளே நுண்துளைகள் கொண்ட தந்துகிச் சுவர்; நடுவில் கொலாஜன் முதலிய புரதங்களால் ஆன அடித்தளச் சவ்வு; வெளியே விரல்கள் போன்ற நீட்சிகளால் சவ்வைப் பற்றியிருக்கும் போடோசைட்டுகள். இவற்றின் வழியே நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் வடிகிறது. அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. அல்புமின் போன்ற பெரிய புரதங்கள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன.

முதல் கட்டம்: மிகை வடிகட்டல்

நீரிழிவின் தொடக்கத்தில் சிறுநீரகம் குறைவாக அல்ல, அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வடிந்த நீர்மத்தில் சர்க்கரை மிகுதியாக இருப்பதால், அண்மைச் சுருண்ட நுண்குழல் அதை மீட்கிறது. அதனுடன் சோடியத்தையும் கூடுதலாக உறிஞ்சிவிடுகிறது. இதனால் நுண்குழலின் பிற்பகுதிக்குச் சோடியம் குறைவாகவே சென்று சேர்கிறது. அங்குள்ள உணர்செல்கள் இதை வடிகட்டல் குறைந்ததாகக் கொள்ள, உட்செல் நுண்தமனி விரிவடைகிறது. மறுபுறம், ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் வெளிச்செல் நுண்தமனியைச் சுருக்குகிறது. வரும் வழி அகன்று, போகும் வழி குறுகியதால் கிளாமருலஸுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இக்கட்டத்தில் இரத்தப் பரிசோதனை முடிவு இயல்பாகவே இருக்கும்.

சவ்வு தடிப்பதும் புரதம் கசிவதும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதி மக்களுக்குத் தோல் பதனிடுதல் அறிமுகமான தொழில். பச்சைத்தோலிலுள்ள கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்கு இணைப்புகளை உண்டாக்கி, அது அழுகாமல் உறுதிப்படச் செய்வதே பதனிடுதல். முன்பு ஆவாரம்பட்டை பெருமளவில் பயன்பட்டது. பின்னர் குரோமிய உப்பு பரவலானது.

இரத்தச் சர்க்கரையும் உடலின் கொலாஜனுடன் மெல்ல வினைபுரிந்து குறுக்கு இணைப்புகளை உண்டாக்குகிறது. தோலுக்கு நன்மையான இம்மாற்றம் உயிருள்ள சவ்வுக்குத் தீங்காகிறது. அடித்தளச் சவ்வின் புரதங்கள் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுவதால், மாற்றங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சவ்வு தடிக்கிறது. தந்துகிகளுக்கு இடையிலுள்ள மெசாஞ்சியம் பெருகி அவற்றை நெருக்குகிறது. இதனால் உண்டாகும் முடிச்சு போன்ற திரட்சிகளைக் கிம்மெல்ஸ்டீல், வில்சன் ஆகிய மருத்துவர்கள் 1936-இல் விவரித்தனர்.

தடித்த சவ்வில் கசிவு குறைய வேண்டாமா என்ற ஐயம் எழலாம். சவ்வு தடித்தாலும் அதன் ஒழுங்கான கட்டமைப்பு குலைகிறது. போடோசைட்டுகள் பிடி தளர்ந்து உதிர்கின்றன. எனவே அல்புமின் சிறுநீரில் கசிகிறது. இழந்த போடோசைட்டுகளை உடலால் போதிய அளவில் ஈடுசெய்ய இயலாது. காலப்போக்கில் கிளாமருலஸ் தழும்பாகி, வடிகட்டல் நின்றுவிடுகிறது.

தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் சிறுநீரகக் கோளாறு என்றாலே குரோமியத்தை நினைப்பது இயல்பு. அறுவிணைதிற குரோமியம் சிறுநீரகத்துக்கு நஞ்சு என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் நுண்குழல்களைத் தாக்கும். நீரிழிவு முதலில் தாக்குவது கிளாமருலஸை. சுற்றுச்சூழல் குறித்த அக்கறை, சர்க்கரைக்கான பரிசோதனைக்கு மாற்றாகாது.

கண்டறியும் முறைகள்

1. சிறுநீர் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம்: ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை தொடக்கக் கசிவு. 300-க்கு மேல் கடும் கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவையும் அளவைத் தற்காலிகமாக உயர்த்தும் என்பதால், மூன்று மாதங்களுக்குள் மீண்டும் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

2. மதிப்பிட்ட வடிகட்டல் வீதம்: இரத்தக் கிரியாட்டினின் அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழ் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழ் செயலிழப்பு.

சிறுநீரகத் திறனில் ஏறத்தாழப் பாதி குறையும் வரைகூடக் கிரியாட்டினின் இயல்பான அளவில் இருக்கலாம். எனவே "கிரியாட்டினின் நார்மல்" என்பது மட்டும் போதாது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் நோய் தெரிந்த நாளிலிருந்தும், முதல் வகையினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும், ஆண்டுதோறும் இரு பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும்.

சிகிச்சையும் பாதுகாப்பும்

சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே அடிப்படை. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் எனலாப்ரில், லோசார்ட்டன் போன்ற மருந்துகள் வெளிச்செல் நுண்தமனியைத் தளர்த்துகின்றன. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை நுண்குழலில் சர்க்கரையும் சோடியமும் மீள உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், விரிந்த உட்செல் நுண்தமனி சுருங்குகிறது. இரண்டும் கிளாமருலஸின் அழுத்தத்தைக் குறைக்கும் வழிகளே. இவற்றை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருப்பது நல்லது. புகைப்பழக்கத்தைக் கைவிட வேண்டும். நாள் முழுதும் நின்றோ குனிந்தோ உழைப்பவர்கள், உடல்வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி அடிக்கடி உண்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆவாரம்பூக் கஷாயத்தை நம்பி மருந்தை நிறுத்துவதும் ஆபத்தே.

தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன.

செயலிழப்பு ஏற்பட்ட பின் டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் உயிர் காக்கும். எனினும் சர்க்கரை கட்டுப்படாவிட்டால், பொருத்தப்பட்ட புதிய சிறுநீரகத்தின் கிளாமருலஸ்களிலும் அதே சேதம் மீண்டும் தொடங்கக்கூடும். ஆகவே மாற்று அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் சர்க்கரைக் கட்டுப்பாடு இன்றியமையாதது.