என் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள்

எங்கள் வீட்டுப் பத்தியில் பழைய கட்டில் விரிப்பு ஒன்றால் மூடியபடி ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அந்த விரிப்பை எடுத்து உதறி, தாங்கி, கைபிடி, கண்ணாடி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் மூடுவார். அது அண்ணாவின் பல்சர்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்களின் புகைக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் புதிய மோட்டார் சைக்கிள்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது எங்களுக்கு அது பெரிய புதினம். 2004இல் அண்ணா சீட்டுக்காசை எடுத்து இந்தப் பல்சரை வாங்கினார். அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு வயதானபோது, கோப்பாய்த் தோட்டவெளிப் பாதைகளில் அதை ஓட்டவும் பழக்கினார். "கையைப் பாராதை, றோட்டைப் பார்" என்று பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வருவார்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ9 வீதி மூடப்பட்டது. பெற்றோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. 2007இல் ஒரு நாள், ராங்கியில் பெற்றோல் இல்லாததால், மோட்டார் சைக்கிளைப் பத்தியில் விட்டுவிட்டு அண்ணா சைக்கிளில் வெளியே போனார். இன்றுவரை திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து நானும் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருடைய வீட்டிலும் இப்படி ஏதோ ஒரு பொருள் இருக்கும். அதை விற்கவும் மனம் வராது, பாவிக்கவும் மனம் வராது. பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு 2025இல் நான் மீண்டும் ஓட வெளிக்கிட்டேன். அந்த அனுபவத்தையும், அதில் நான் படித்த சில நடைமுறை விடயங்களையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் மீண்டும்?

நான் சமூகப் பணியாளராக வேலை செய்பவள். கோப்பாயிலிருந்து புத்தூர், அச்சுவேலிப் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போக வேண்டும். நான் சந்திக்க வேண்டிய பெண்கள் பகலில் தோட்ட வேலைக்கோ கூலி வேலைக்கோ போய்விடுவார்கள். அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் எனக்குக் கடைசி பஸ் போய்விடும். அதனால் பல நாட்கள், மனம்விட்டுப் பேசத் தொடங்கிய ஒருவரை இடையில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறேன். இனி இது சரிவராது என்று முடிவெடுத்தேன்.

"கொண்ணன்ர பைக் சும்மாதானே நிக்குது, அதைத் திருத்தி ஓடன்" என்று உறவினர்கள் சொன்னார்கள். சொல்வது எளிது. வாகனம் அண்ணாவின் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றுவதற்கு உரிமையாளர் கையொப்பம் இட வேண்டும். அவர் இறந்தவராயின் மரணச் சான்றிதழும், உரித்தாளிகள் யார் என்பதற்கான ஆவணங்களும் வேண்டும்.

காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற ஒன்று கொண்டுவரப்பட்டது. ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. அரச உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், அவருடைய சொத்துகளைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் பராமரிப்பது வேறு, உரிமை மாறுவது வேறு.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் ஒரு முறைதான் எடுத்துச் சொன்னேன். "என்ர பிள்ளை வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. அண்ணாவின் பல்சர் பத்தியிலேயே நிற்கட்டும், நான் வேறொன்று வாங்குவது என்று தீர்மானித்தோம்.

ஸ்கூட்டியா, கியர் பைக்கா?

எங்கள் ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் ஸ்கூட்டிதான் ஓடுகிறார்கள். ஓடுவதற்கு இலகு, பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றலாம். ஆனால் என் கைக்கும் காலுக்கும் தெரிந்தது கியரும் கிளச்சும்தான். குன்றும் குழியுமான ஒழுங்கைகளில் பெரிய சில்லு நல்லது என்பதும் என் எண்ணம். ஆகவே மீண்டும் ஒரு பல்சர் 150ஐயே தேடினேன். பக்கத்து வீட்டு அன்ரி, "உனக்கேன் பிள்ளை பெடியங்கள் ஓடுற ஸ்போர்ட்ஸ் பைக்? ஒரு ஸ்கூட்டி காணாதே?" என்று கேட்டார். ஒரு காலத்தில் பெண்கள் சைக்கிள் ஓடுவதற்கும் இதே கேள்விதான் கேட்கப்பட்டிருக்கும். இன்று சைக்கிள் இல்லாத ஆசிரியையை யாழ்ப்பாணத்தில் யாராவது நினைத்துப் பார்ப்பார்களா?

வாகனத்துக்கு முன்பு லைசென்ஸ் வேண்டும். நான் முன்னர் ஓடிப் பழகினேனே தவிர லைசென்ஸ் எடுத்திருக்கவில்லை. நமது நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு வகுப்புகள் உண்டு. 100 சி.சி. வரையான சிறிய வண்டிகளுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ. ஸ்கூட்டி பெப் 88 சி.சி. அளவிலானது, அதற்கு ஏ1 போதும். ஆனால் டியோ 100 சி.சி.யைத் தாண்டியது. ஏ1 லைசென்ஸை வைத்துக்கொண்டு டியோ ஓடும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வாகனத்துக்குரிய செல்லுபடியான லைசென்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். நான் மருத்துவச் சான்றிதழ் எடுத்து, எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதி, ஓட்டிக் காட்டி, ஏ வகுப்பிலேயே எடுத்தேன்.

பழகியது மறக்காது என்பார்கள். பாதிதான் உண்மை. கோப்பாய் - கைதடி வீதியில் விடியற்காலையில் முதன்முதல் ஓடியபோது கிளச் நினைவில் இருந்தது, பயமும் கூடவே இருந்தது. மணலில் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்து ஒரு தரம் சரிந்தும் விழுந்தேன். ஆகவே, எவ்வளவு காலம் முன்பு ஓடியிருந்தாலும், விட்டுவிட்டுத் தொடங்குபவர்கள் இரண்டு கிழமையாவது சனமில்லாத இடத்தில் பழகுங்கள். சோலைக் கழற்றி வையுங்கள், அல்லது இறுக்கிக் குத்திக்கொள்ளுங்கள். சில்லில் சுற்றினால் உயிராபத்து.

திறந்த கடதாசி

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் ஏறிவிட்டது. பத்து வருடப் பழைய பல்சருக்கே நான்கு இலட்சத்துக்கு மேல் கேட்டார்கள்.

முதலில் பார்த்த வண்டி நாற்பதாயிரம் ரூபா மலிவு. "தங்கச்சி, பெயர் மாத்தத் தேவையில்லை. ஓப்பின் பேப்பர் இருக்குது, அப்பிடியே ஓடலாம்" என்றார் விற்க வந்தவர். புத்தகத்தில் இருந்த பெயர் அவருடையது அல்ல. மூன்று கை மாறி வந்த வண்டி அது. முதல் உரிமையாளர் வெற்றுப் பத்திரத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

வாகனம் கை மாறினால் 14 நாட்களுக்குள் புதிய உரிமையாளர் பெயரைப் பதிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. பதியாவிட்டால் வாகனம் சட்டப்படி இன்னொருவருடையது. அவர் இறந்துபோனால், வெளிநாடு போனால், அல்லது அந்த வாகனம் முன்பு ஏதாவது வழக்கில் சம்பந்தப்பட்டிருந்தால், அலைய வேண்டியது நாங்கள். அண்ணாவின் வாகனத்தால் இந்தப் பாடத்தை நான் ஏற்கனவே படித்திருந்தேன். மலிவை விட்டுவிட்டு, புத்தகத்தில் பெயருள்ளவரே நேரில் வந்து கையொப்பம் வைத்த வண்டியை வாங்கினேன். புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் வண்டியில் உள்ளவைதானா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பித்தேன். லீசிங் நிறுவனம் ஏதாவது அறுதி உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். அப்படி இருந்தால், கடன் முடிந்த கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

யாருக்கு இந்தக் காப்புறுதி?

இப்போது நான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, போரில் கணவரை இழந்தவர். முறுக்கும் மிக்சரும் செய்து ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு நாள் இருட்டில் நாய் குறுக்கே பாய்ந்து விழுந்ததில் கால் முறிந்துவிட்டது, வண்டியும் உடைந்தது. வைத்தியசாலையில் பார்க்கப் போனபோது, "இன்சூரன்ஸ் இருக்குது மிஸ். ஒவ்வொரு வருசமும் தவறாமல் கட்டுறனான்" என்றார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அது மூன்றாம் தரப்புக் காப்புறுதி.

சட்டம் கட்டாயப்படுத்துவது இந்த மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. இது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், அதாவது நாங்கள் 'ரக்ஸ்' என்று சொல்வது, கிடைக்காது. ஆகவே பலர் ரக்ஸ் எடுப்பதற்காகவே ஆகக் குறைந்த தொகைக்கு இதைப் போட்டுவிட்டு, தங்களுக்கும் பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் தரப்பு என்பது யார்? காப்புறுதி நிறுவனம் ஒரு தரப்பு, நாங்கள் இன்னொரு தரப்பு, எங்கள் வாகனத்தால் பாதிக்கப்படும் வேறொருவர்தான் மூன்றாம் தரப்பு. அந்தச் சகோதரி யாரையாவது மோதியிருந்தால் மோதப்பட்டவருக்கு இழப்பீடு கிடைத்திருக்கும். அவருடைய காலுக்கும், வண்டிக்கும், வேலையில்லாமல் படுத்திருந்த மாதங்களுக்கும் எதுவும் இல்லை.

குடும்பத்தின் ஒரே உழைப்பாளி நீங்கள் என்றால், உங்கள் வாகனத்துக்கு முழுக் காப்புறுதியும், ஓட்டுபவருக்கான தனிநபர் விபத்துக் காப்பும் அவசியம். கட்டணம் கூடத்தான். நான் ஒரு சிறு சீட்டைப் பிடித்து, அதை வருடாவருடம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

என் காப்புறுதியைப் பதியும்போது அங்கிருந்த உத்தியோகத்தர், "வீட்டில ஆம்பிளையள் ஒராளின்ர பெயரில போடுவமா மிஸ்?" என்று கேட்டார். "புத்தகம் என்ர பெயரில, காப்புறுதியும் என்ர பெயரிலதான்" என்றேன். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. கையொப்பம் வைப்பதற்கு முன் நான் கேட்ட கேள்விகளை இங்கே தருகிறேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

விபத்தில் எனக்குக் காயம் ஏற்பட்டால் எவ்வளவு கிடைக்கும்? பின்னால் இருந்து வருபவருக்கு என்ன கிடைக்கும்? திருத்தச் செலவில் நான் கையிலிருந்து போட வேண்டிய பங்கு எவ்வளவு? களவு போனால் என்ன? வெள்ளத்துக்கு உண்டா? வேறொருவர் ஓடினால் செல்லுமா? விபத்து நடந்தால் எத்தனை மணிக்கும் எந்த இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்?

பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தைக் குறைப்பதற்காக வாகனத்தின் பெறுமதியைக் குறைத்துப் போடாதீர்கள், இழப்பீடும் அதற்கேற்பக் குறையும். விண்ணப்பத்தில் பொய் எழுதாதீர்கள். வியாபாரத்துக்கு ஓடுவதானால் அதையும் சொல்லுங்கள். முன்னைய உரிமையாளரின் காப்புறுதி இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். அது அவருடன் செய்த ஒப்பந்தம், உங்களுடன் அல்ல. விபத்து நடந்தால் வாகனத்தை அகற்றுவதற்கு முன் நிறுவனத்துக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். இழப்பீடு நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் பலனில்லையெனில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

அம்மா ஏறினார்

காப்புறுதிப் பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கொண்டுபோய், கோப்பாயில் உள்ள வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படலையில் வண்டி நின்ற சத்தத்துக்கு அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பல்சரின் சத்தம் பல்சரின் சத்தம்தானே. அதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

இரண்டு கிழமை அம்மா என் வண்டியின் பக்கம் வரவேயில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாவின் வண்டியைத் துடைத்துவிட்டு, அதே துணியால் என் வண்டியின் தாங்கியையும் துடைத்தார். அடுத்த மாதம் அவருக்குக் கிளினிக் நாள். வழக்கம்போல ஓட்டோவுக்குச் சொல்லவா என்று கேட்டேன். "ஏன், நீ போகேல்லையே?" என்றார். அவருக்கென்று ஒரு ஹெல்மெற் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தேன். அதைப் போட்டு வார் பூட்டிவிட்டபோது, "இதுக்கும் காசு கட்டினனியோ? பின்னால இருக்கிற ஆளுக்கும்?" என்று கேட்டார். "ஓமம்மா, கட்டியிருக்கிறன்" என்றேன்.

இருபாலைச் சந்தி வரும்வரை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு பிடி கொஞ்சம் தளர்ந்தது. "மெதுவா ஓடு பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் வாகனப் புத்தகத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் இன்றே எடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது? காப்புறுதி யாரைப் பாதுகாக்கிறது? பதில் விளங்காவிட்டால் உங்கள் பகுதிச் சமூகப் பணியாளரிடமோ கிராம அலுவலரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். விழுந்த பிறகு வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துப் பார்ப்பதைவிட இது நல்லது.