துப்பாக்கித் தடை வன்முறையைக் குறைக்குமா? சாதியச் சமூகத்தில் நின்று ஒரு பார்வை

துப்பாக்கிகளைத் தடை செய்தால் சமூகத்தில் வன்முறை குறையுமா? அயல்நாட்டுப் பள்ளியிலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச் சூடு நிகழும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. சில நாட்களில் அடங்கியும் விடுகிறது. வன்கொடுமைகளுக்கு எதிராகப் போராடும் நாம் இக்கேள்வியை எளிதில் கடந்துபோக இயலாது. ஆயுதம் யார் கையில் இருக்கிறது, அதைப் பறிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே நாம் கேட்டாக வேண்டும்.

தடையின் பயனை நாம் மறுக்கவில்லை. 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே மனிதன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த சில நாட்களிலேயே அந்நாட்டு அரசுகள் கூடிப் பேசி, தானியங்கி, அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்ய முடிவெடுத்தன. சுமார் 6,50,000 துப்பாக்கிகள் விலை கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. அதன் பின்னர் அங்கு துப்பாக்கியால் நேரும் கொலைகளும் தற்கொலைகளும் குறைந்தன. காரணம் எளியது. ஒரு நொடிச் சினத்தை மீள முடியாத சாவாக மாற்றும் ஆற்றல் துப்பாக்கிக்கு இருக்கிறது. அக்கருவி கைக்கு எட்டாதபோது பல உயிர்கள் தப்புகின்றன.

ஆனால் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் எல்லோரையும் ஒன்றுபோல் நடத்தியதில்லை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், காவல்துறையின் வன்முறையிலிருந்து கறுப்பின மக்களைக் காக்கக் கருஞ்சிறுத்தைகள் வெளிப்படையாக ஆயுதம் ஏந்தி வலம் வந்தபோது, அதைத் தடுக்க 1967இல் முல்ஃபோர்டு சட்டம் பிறந்தது. ஒடுக்கப்பட்டோர் கையில் ஆயுதம் தென்பட்ட பிறகே அது அபாயமாக அரசின் கண்ணுக்குப் பட்டது. அந்தக் கருஞ்சிறுத்தைகளின் பெயரையே உந்துதலாகக் கொண்டு 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியதை நாம் அறிவோம்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். போதிய சொத்து இல்லை என்ற காரணத்தை மட்டும் காட்டி எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று அதன் 14ஆம் பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவோ பயிர்ப் பாதுகாப்பை உரிமம் வழங்குவதற்கான காரணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. நிலம் உள்ளவருக்குத்தான் காக்க வேண்டிய பயிர் உண்டு. உரிமத்திற்கு முன் காவல்துறையின் அறிக்கையும் தேவை. நிலமும் காவல் நிலையச் செல்வாக்கும் யாரிடம் குவிந்துள்ளன என்பதைக் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பீகார் சான்று. அங்கு நிலவுடைமையாளர்களின் தனியார் படையான ரண்வீர் சேனா 1994இல் உருவானது. 1995இல் மாநில அரசு அதைத் தடை செய்தது. உரிமமற்ற துப்பாக்கிகள் ஏற்கெனவே சட்டவிரோதமானவை. ஆயினும் 1996 ஜூலையில் பதானி டோலாவில் 21 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1997 டிசம்பர் 1 இரவு, சோன் ஆற்றைக் கடந்து வந்தவர்கள் லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேரைக் கொன்று குவித்தனர். இரு வழக்குகளிலும் கீழமை நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தவர்களைப் பாட்னா உயர் நீதிமன்றம் 2012, 2013ஆம் ஆண்டுகளில் விடுவித்துவிட்டது. அமைப்புக்கும் ஆயுதத்துக்கும் தடை தாளில் இருந்தது. கொன்றவர்களுக்குத் தண்டனை வராது என்ற துணிவு களத்தில் இருந்தது.

தமிழகத்தின் அனுபவம் மற்றொன்றைக் கற்பிக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்குள் துப்பாக்கிகளோடு நுழைந்த கும்பலுக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரைக் கொன்றது தீ. நிலமும் காரும் உடைய செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப உயர் நீதிமன்றம் மறுத்தது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அங்கே துப்பாக்கி தேவைப்படவில்லை. அரிவாள் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய கருவிகளை ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை. தீப்பெட்டியையும் கதிர் அரிவாளையும் எந்த அரசாலும் தடை செய்ய முடியாது.

அவ்வாறாயின் ஆயுதக் கட்டுப்பாட்டால் நமக்குப் பயனே இல்லையா? உண்டு. அதற்கான வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வகுக்கப்பட்ட விதிகளில் 3ஆம் விதியை நாம் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். வன்கொடுமை நிகழக்கூடும் என நம்பப்படும் பகுதிகளை மாநில அரசு கண்டறிய வேண்டும் என்கிறது அது. அப்பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். அவர்களின் நெருங்கிய உறவினர்கள், பணியாளர்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களுக்கும் இது பொருந்தும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காக உரிமம் வழங்கவும் இவ்விதி இடமளிக்கிறது. எல்லோருக்கும் ஒரே தடை என்னும் பொதுச் சொல்லாடலைத் தாண்டி, அச்சுறுத்துபவரின் ஆயுதத்தைக் களைவதே இதன் நோக்கம்.

உரிம ரத்துக்கு முன்பு அவ்விதியில் நிற்கும் ‘தேவை எனக் கருதினால்’ என்ற நிபந்தனையில்தான் சிக்கல் இருக்கிறது. தேவையை முடிவு செய்பவர் அதிகாரி. பதானி டோலாவில் கொலைகள் நடந்தபோது இவ்விதி நடைமுறைக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

எனவே நமது கேள்விகள் குறிப்பானவையாக அமைய வேண்டும். நம் மாவட்டத்தில் வன்கொடுமை வாய்ப்புள்ளவையாகக் கண்டறியப்பட்ட ஊர்கள் எவை? அவ்வூர்களில் எத்தனை துப்பாக்கி உரிமங்கள் உள்ளன? 3ஆம் விதியின்படி எத்தனை ரத்து செய்யப்பட்டன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர்களும் இவற்றைக் கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்கிறது 17ஆம் விதி. அக்கூட்டத்தில் இக்கேள்விகளை எழுப்ப உறுப்பினர்களை நாம் வலியுறுத்தலாம்.

நம் மக்களின் கையில் துப்பாக்கி கொடுத்தால் எல்லாம் தீரும் என்றும் நாம் கூறவில்லை. உரிமமும் தோட்டாவும் வாங்கக் கூலித் தொழிலாளியிடம் பணம் ஏது? அவர் தற்காப்புக்குச் சுட்டாலும், முதலில் கைதாகப் போவது யார் என்பதையும் நாம் அறிவோம். தடை சாவுகளைக் குறைக்கும். அது பாரபட்சமின்றி நடைமுறைக்கு வர நாம் போராட வேண்டும். வன்முறை குறைய வேண்டுமெனில், கூலிக்கு வாய் திறந்தவரையும் தேர்தலில் வென்றவரையும் கொன்றுவிட்டுத் தப்ப முடியும் என்ற நம்பிக்கை தகர வேண்டும். உரிமத்தை ரத்து செய்யும் ஆணையும், தண்டனையை உறுதிசெய்யும் தீர்ப்பும், காலடியில் சொந்த நிலமும் சேர்ந்தே அதைத் தகர்க்கும்.