பிரெட்டைக் குறைக்கணும்... ஆனா, பிரெட் ஆம்லெட்டும் வேணும்! என்ன செய்யலாம்?

ராத்திரி பத்து மணி. மழை தூறுது. தெருமுனை தள்ளுவண்டியில் ஆம்லெட் வாசனை. 'இனிமே பிரெட், பரோட்டா பக்கமே போக மாட்டேன்' என்று திங்கட்கிழமை எடுத்த சபதம், வியாழக்கிழமை அந்த வாசனையிலேயே காலி!

இது நம்மில் பலருக்கும் நடக்கிற கதைதான். ஒரேயடியாக நிறுத்தினால் ஆசை கூடும். பிறகு ஒருநாள், சேர்த்துவைத்து ரெண்டு பங்கு உள்ளே போகும். அளவைக் குறைத்து ருசியைக் காப்பாத்துறதுதான் நீடிக்கிற வழி.

ஏன் குறைக்கணும்?

வெள்ளை பிரெட், பன், பரோட்டா எல்லாமே மைதாதான். கோதுமையின் தவிடும் முளையும் நீக்கப்பட்ட மாவு என்பதால், நார்ச்சத்து ரொம்பக் குறைவு. சீக்கிரம் செரித்து, ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நாலு ஸ்லைஸ் சாப்பிட்டும் கொஞ்ச நேரத்தில் மறுபடி பசிக்க இதுவும் ஒரு காரணம்.

ருசியை விட வேண்டாம்!

பிரெட் ஆம்லெட்: நாலு ஸ்லைஸ், ஒரு முட்டை என்ற கணக்கைத் திருப்பிப் போடுங்க. ரெண்டு முட்டை, நிறைய வெங்காயம், பச்சை மிளகாய், ஒரே ஒரு ஸ்லைஸ். ரெண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம் இருப்பதால் பசி தாங்கும்.

பரோட்டா - சால்னா: நாக்கில் நிற்கிறது பாதி சால்னாதானே? மூணு பரோட்டாவுக்குப் பதில் ஒண்ணு, கூடவே ஒரு கலக்கி. வீட்டில் சால்னா வெச்சா, அடையோ கம்பு தோசையோ தொட்டுக்கலாம். 'பரோட்டா வேணாம், கொத்து சொல்லு' என்பது மட்டும் போங்காட்டம். அதுவும் அதே மைதாதான்!

சாண்ட்விச்: உள்ளே வைக்கிற பனீர், முட்டை மசாலாவைக் கல்தோசையில் சுருட்டிப் பாருங்க. 

பாவ் பாஜி: பாஜி முழுக்கக் காய்கறிதான். ஒரு பாவ் போதும். மிச்ச பாஜியை வெங்காயம், எலுமிச்சை சேர்த்து ஸ்பூனில் சாப்பிடலாம்.

பிரவுன் கலரை நம்பாதீங்க

பழுப்பு நிறம் கேரமலிலிருந்தும் வரலாம். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க. எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் இருக்கும். அங்கே மைதா என்று இருந்தால், கலர் மட்டும்தான் பிரவுன்.

ரெண்டு விஷயம் கவனம்

பிரெட்டை விட்டுட்டு சாதத்தைக் குவித்தால் பலன் இல்லை. சர்க்கரைநோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

மத்தபடி, இன்னைக்கு ராத்திரி அந்தத் தள்ளுவண்டிக்குத் தாராளமா போகலாம். 'அண்ணே, டபுள் ஆம்லெட், ஒரு பிரெட் போதும்' என்று மட்டும் சொல்லுங்க!