கண்ணுக்குள் கசியும் இரத்தம்: ஈல்ஸ் நோயும் காசநோயும்

காசம் என்றால் இருமல், சளி, நெஞ்சு என்றுதான் நமக்குப் பழக்கம். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதுவும் ஊரை விட்டு வந்து, நாலு பேராக அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற நம் பிள்ளைகளின் வயதில்தான், இருபதிலிருந்து நாற்பதுக்குள், அது அதிகமாகத் தலைகாட்டுகிறது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துக் கண் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ், 1880-லும் 1882-லும் சில வாலிபர்களைப் பற்றி எழுதினார். விழித்திரையில் திரும்பத் திரும்ப இரத்தக் கசிவு, கூடவே மூக்கில் இரத்தம், மலச்சிக்கல். அவர் மலச்சிக்கலோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். அதே 1882-ல்தான் ஜெர்மனியில் ராபர்ட் காக் காசக் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் பிற்பாடு வந்தது. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஈல்ஸ் நோயாளிகள் பலரின் விழித்திரைமேல் படர்ந்த சவ்வில் காசக் கிருமியின் மரபணுத் துணுக்கு கிடைத்தது. உயிருள்ள கிருமி கண்ணில் அகப்படுவது அரிது. கிருமியின்மீது உடம்பு காட்டும் கோபமே இரத்தக் குழாயைப் புண்ணாக்குகிறது என்பது பலர் கருத்து.

நடப்பது இதுதான். விழித்திரையின் சிரைகள் வீங்கி அடைபடுகின்றன. இரத்தம் கிடைக்காத பகுதி பட்டினி கிடந்து, புதுக் குழாய்களை வரவழைக்கிறது. அவை மெலிந்தவை, உடைந்தால் கண்ணுக்குள் இருக்கும் கூழில் இரத்தம் கலக்கிறது. வலியே இருக்காது. கொசு பறப்பதுபோல, ஒட்டடை தொங்குவதுபோலத் தெரியும், அல்லது ஒரு காலையில் எல்லாம் புகைமூட்டமாகிவிடும். வலி இல்லாததால், "லீவு கிடைக்கும்போது பார்த்துக்கலாம்" என்று பையன்கள் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு மற்றக் கண்ணும் பாதிக்கப்படுகிறது.

சிகிச்சை ஒரே மருந்தில் முடிகிற சமாசாரம் அல்ல. வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு. இரத்தமின்றிக் கிடக்கும் பகுதிக்கு லேசர். உள்ளே தேங்கிய இரத்தம் கலையாவிட்டால், சவ்வு விழித்திரையை இழுத்தால், விட்ரெக்டமி அறுவை. மான்டூ ஊசி, இரத்தப் பரிசோதனை, நெஞ்சு ஸ்கேன் இவற்றில் காசத்தின் தடயம் இருந்தால் காச மருந்தும் சேரும். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு குறைத்து, மொத்தம் ஆறு முதல் ஒன்பது மாதம் கொடுப்பது வழக்கம். மான்டூ வீங்கியது ஒன்றையே வைத்து முடிவு கட்டக் கூடாது. நம் நாட்டில் பலருக்கு அது வீங்கும்.

காசம் இருக்க ஸ்டீராய்டு மட்டும் சாப்பிட்டால் கிருமிக்கு அது விருந்து. மறுபுறம், காச மருந்து தொடங்கிய சில வாரத்தில் கண் இன்னும் மோசமாவது உண்டு. மருந்து தப்பு என்று அவராகவே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் ஓட வேண்டும். ரிஃபாம்பிசின் மாத்திரை ஸ்டீராய்டின் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் அளவை டாக்டரே கணக்குப் பார்த்து மாற்றுவார். எத்தாம்புட்டால் கண் நரம்பையே பாதிக்கக் கூடியது. சிவப்பும் பச்சையும் மங்கினால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

காச மருந்து அரசு மையங்களில் இலவசம். பாதி மாத்திரையோடு பொங்கலுக்கு ஊருக்குப் போகிற பையன், புறப்படுமுன் மையத்தில் சொல்லி, ஊருக்குப் பக்கத்து மையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, மருத்துவச் சீட்டு, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொள்ளலாம்.