ஸ்ரீரங்கத்துக் குதிரையும் ஒரு பதினான்கு இலக்க எண்ணும்

சதுரங்கக் குதிரை எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் 64 கட்டங்களையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்ப எத்தனை வழிகள் உண்டு? 13,26,736 கோடியே 44,10,532. ஆஸ்திரேலியக் கணிதர் பிரெண்டன் மெக்கே 1997இல் கண்ட விடை இது. எதிர்த்திசையில் ஓடுவதைத் தனியாக எண்ணவில்லை. எண்ணின் தலையைவிட அதன் வால்தான் சுவாரசியம். கடைசி இரண்டு இலக்கங்கள் 32, ஆகவே நான்கால் வகுபடும். கடைசி மூன்று 532, ஆகவே எட்டால் வகுபடாது. இது தற்செயல் அல்ல. ஒரு சுற்றை வரைந்து பலகையைத் திருப்பித் திருப்பியும் கண்ணாடியில் காட்டியும் பார்த்தால் எட்டுத் தோற்றங்கள் கிடைக்கும். எல்லாச் சுற்றுகளும் இப்படி எட்டெட்டாகவே சேர்ந்தால் மொத்தம் எட்டால் வகுபட்டாக வேண்டும். மீதி நான்கு நிற்கிறதே! வாசற்கோலத்தை எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தாலும் அதே கோலமாகத் தெரிவதுபோல, தலைகீழாகத் திருப்பினாலும் மாறாத சுற்றுகள் உண்டு. அவை மட்டும் நான்கு நான்காகச் சேரும். அதைவிடச் சிறிய கூட்டம் கிடையாது.

1996இல் லோபிங், வெகெனர் என்ற இருவர் கணினியில் எண்ணி, 33,43,912 கோடியே 34,84,294 என்று அறிவித்திருந்தார்கள். 94 நான்கால் வகுபடாது. அவ்வளவுதான், விடை விழுந்தது. அவர்களே பிழையை ஒப்புக்கொண்டார்கள். நான்கால் வகுபட்டால் மட்டும் விடை சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. வகுபடு விதி பொய்யைப் பிடிக்கும், மெய்க்குச் சாட்சி சொல்லாது. ஆனால் இத்தனை லட்சம் கோடியை எவரும் கையால் சரிபார்க்க முடியாத இடத்தில், ஆறாம் வகுப்புப் பாடம் கணினியையே மடக்கியது சின்ன விஷயமா?

இந்தக் குதிரை ஸ்ரீரங்கத்திலும் ஓடியிருக்கிறது. வேதாந்த தேசிகர் அரங்கனின் திருவடிநிலையைப் பாடிய பாதுகா சகஸ்ரத்தின் 1008 சுலோகங்களில், சித்திர பத்ததி என்ற பகுதியில் அடுத்தடுத்து இரண்டு வருகின்றன. முதல் சுலோகத்தின் 32 எழுத்துகளை நான்கு வரிசை, எட்டுப் பத்தியாகக் கட்டம் போட்டு எழுதிக் குதிரை நடையில் படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. இந்தக் குதிரை மட்டும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாது. நான்கு வரிசைப் பலகையில் அப்படித் திரும்பவே முடியாது என்பது நிரூபணமான உண்மை.

கணிதர் ஆய்லர் குதிரைச் சுற்றை ஆராய்ந்தது 1759இல். நம்மவர் முந்திவிட்டார் என்று மார்தட்டுவோர் உண்டு. முந்தியது உண்மைதான். ஆனால் தேசிகருக்கும் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், காஷ்மீரத்து ருத்ரடர் குதிரை நடையில் சுலோகம் கட்டிவிட்டார். தேசிகர் வழிகளை எண்ணவும் இல்லை; ஒரு வழி உண்டு என்று காட்டினார். அதையும் இரு சுலோகங்களுக்குள் அடக்கினார் என்பதே போதுமான பெருமை. வருத்தம் வேறு: ஒரே இரவில் பாடிய அதிசயமாகப் பாதுகா சகஸ்ரத்தைப் போற்றுகிறோம், கட்டத்தைப் போட்டுப் பார்ப்பதில்லை. திருச்சிப் பள்ளிகளின் கணித ஆசிரியர்கள் அந்த 32 கட்டங்களைக் கரும்பலகையில் போட்டு, குதிரையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். ஒரு பீரியட் போதும்.